துளை டிஸ்க்கா, காடி டிஸ்க்கா: மலையிறங்கும் வண்டிக்கு எதை வாங்குவது?

மலையிறங்கி (குன்னூர்), திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வேலை குன்னூரில், வீடு மேட்டுப்பாளையத்தில். வாரக் கடைசியில் இறங்குவேன், திங்கள் விடியலில் ஏறுவேன். வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். முன்சக்கரங்களில் நடுவே காற்றுவழி உள்ள டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். 60,000 கி.மீ. ஓடியிருக்கிறது.

சென்ற வெள்ளிக்கிழமை நான்கு பேரும் நிறையச் சாமானுமாக இறங்கினோம். பர்லியார் தாண்டியதும் கருகல் வாடை வந்தது. அடுத்த இரண்டு வளைவுகளில் எவ்வளவு மிதித்தும் வண்டி சோம்பலாகத்தான் நின்றது. ஓரங்கட்டி ஆறவிட்டுப் புறப்பட்டோம், அதன்பின் தொல்லை இல்லை.

ஒர்க்ஷாப்பில் காட்டினேன். டிஸ்க் வரி வரியாகத் தேய்ந்திருக்கிறது, பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) முகம் வழுவழுத்துக் கண்ணாடியாகிவிட்டது, இரண்டையும் மாற்றிவிடலாம் என்றார்கள். மாற்றுவதுதான் மாற்றுகிறீர்கள், துளையிட்ட டிஸ்க் போடுங்கள், சூடே ஏறாது என்கிறார் அங்கிருக்கும் மேஸ்திரி. கோவையில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நண்பரோ துளை போட்டது விரிசல் விடும், முகத்தில் காடி (நீளப் பள்ளம்) வெட்டியதை வாங்கு என்கிறார். இரண்டுமே சாதா டிஸ்க்கைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் விலை சொல்கிறார்கள். பணம் போனால் போகட்டும், மலையில் நம்பி மிதிக்க வேண்டும். எது சரி?

சிவப்புக் காலிப்பர் (சென்னை), திங்கள், இரவு 10.05

துளை டிஸ்க்கையே வாங்குங்கள். என்னுடைய ஜெர்மன் செடானில் தொழிற்சாலையிலிருந்தே துளையிட்ட டிஸ்க்தான் வந்தது. ஐந்தாண்டாகிறது, ஒரு விரிசல் கிடையாது. மழையில் முதல் மிதியிலேயே பிடிக்கும். போர்ஷேக்காரர்கள் பந்தயத்துக்கும் சாலைக்கும் போட்டதை நாம் சந்தேகப்படுவானேன்? அலாய் சக்கரத்தின் இடுக்கில் அது தெரியும் அழகுக்கே பாதிப் பணம் கொடுக்கலாம்.

வார்ப்படக்காரன் (கோவை), திங்கள், இரவு 11.20

மலையிறங்கி, வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அந்த இரண்டு வளைவுகளில் பெடல் கெட்டியாக நின்றதா, பஞ்சுபோல் உள்ளே போனதா? இது தெரியாமல் எந்த டிஸ்க்கையும் பரிந்துரைக்க முடியாது.

கெட்டியாக நின்று வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால், பேட்டின் உராய்வு சூட்டில் விழுந்துவிட்டது என்று பொருள். பெடல் தளர்ந்து தரைவரை போயிருந்தால், பிரேக் ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி சேர்ந்திருக்கிறது. இரண்டாவதுதான் ஆபத்து அதிகம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 ஆகிவிடும். டாட் 4 வகைக்கு 230, 155. ஆயில் கொதித்தால் டிஸ்க்கில் துளை இருந்தாலும் காடி இருந்தாலும் கதை ஒன்றுதான்.

துளை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சிவப்புக் காலிப்பர் போர்ஷேயை இழுத்துவிட்டதால். அந்தக் காலத்துப் பேட்கள் கல்நாரும் பிசினும் கலந்தவை. கடுஞ்சூட்டில் பிசின் கருகி வாயு கிளம்பும், அந்த வாயு பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மெல்லிய படலமாக நின்று பிடியைக் கெடுக்கும். வாயு வெளியேற வழிவிடத்தான் துளையும் காடியும் வந்தன. போர்ஷே 917 பந்தயக் காரில் துளையிட்ட டிஸ்க் இருந்தது. 1978 மாதிரி 911 டர்போ 3.3, அந்தக் காரின் பிரேக் அமைப்பைத் தழுவியே வந்தது. பந்தயத்தில் எடை குறைவதும் ஓர் ஆதாயம். ஆனால் பந்தய அணி டிஸ்க்கை அடிக்கடி கழற்றிப் பார்க்கும், மயிரிழை விரிசல் தெரிந்தால் தூக்கி எறிந்துவிடும். நாம் 60,000 கி.மீ. ஓட்டுகிறோம்.

இன்றைய பேட்கள் அப்படி வாயு கக்குவதில்லை. ஆகவே துளையின் முதல் நியாயம் பெரும்பாலும் காலாவதியாகிவிட்டது. மிச்சமிருப்பது ஈரத்தில் கிடைக்கும் முதல் பிடி, கொஞ்சம் எடைக் குறைவு, தோற்றம். இந்த எடைக் குறைவுதான் உங்களுக்கு எதிரி. டிஸ்க் என்பது வேகத்தைச் சூடாக வாங்கி வைத்துக்கொள்ளும் இரும்பு. இரும்பு குறைந்தால் அதே சூட்டுக்கு வெப்பநிலை கூடும்.

மலையிறங்கி (குன்னூர்), செவ்வாய், காலை 6.50

நன்றி ஐயா. பெடல் கெட்டியாகத்தான் நின்றது, உள்ளே போகவில்லை. ஆயில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பது சர்வீஸ் புத்தகத்தில் இல்லை. வண்டியைப் பழையதாக வாங்கினேன்.

கணபதி லேத் (கோவை), செவ்வாய், காலை 9.15

குறுக்கே புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் பட்டறையிலேயே டிரில்லிங் மெஷின் இருக்கிறது. கடையில் ஏன் இரட்டை விலை கொடுக்க வேண்டும்? புது சாதா டிஸ்க் வாங்கி நாமே 6 மி.மீ. துளை போட்டுக்கொண்டால் ஆகாதா?

வார்ப்படக்காரன் (கோவை), செவ்வாய், மதியம் 1.30

தம்பி, வேண்டவே வேண்டாம். உங்கள் கைவேலையைக் குறை சொல்லவில்லை, இந்த ஊரில் பிறந்தவன் அதைச் சொல்லமாட்டான். நான் வார்ப்படத் தொழிலில் தலை நரைத்தவன், அதனால் சொல்கிறேன்.

டிஸ்க் சாம்பல் வார்ப்பிரும்பு. அதற்குள் கார்பன், கிராஃபைட் செதில்களாகச் சிதறிக் கிடக்கிறது. அந்தச் செதில்களால்தான் அது சூட்டை நன்றாகக் கடத்துகிறது, கிரீச்சலை அடக்குகிறது. அதே செதில்களால்தான் இழுவிசைக்கு அது பலவீனம். இந்த வார்ப்பிரும்புக்கு எஃப்.ஜி. 220 என்று தரம் போட்டால் அந்த 220 என்பது இழுவலிமை மெகாபாஸ்கலில். சாதாரண எஃகுகூட அதைப்போல் இரண்டு மடங்கு தாங்கும். பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கின் மேல்தோல் சட்டென்று சூடாகி விரியப் பார்க்கும், உள்ளிருக்கும் குளிர்ந்த இரும்பு விடாது. ஆறும்போது இது தலைகீழாகும், மேல்தோல் இழுபடும். இந்த இழுபறி துளையின் விளிம்பில் பல மடங்காகக் குவியும். விளிம்பைச் சரித்து மழுக்காமல் விட்டால் அங்கேதான் முதல் விரிசல் கிளம்பும். ஒரு துளையிலிருந்து கிளம்பியது அடுத்த துளையைத் தேடிப் போகும்.

இன்னொன்று. காற்றுவழி டிஸ்க்கில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே விலாக்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் அவை எங்கே ஓடுகின்றன என்று தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு துளைத்தால் பாதித் துளைகள் விலாவிலேயே விழும், சமநிலையும் போகும். இணையத்தில் மலிவாக விற்கும் பல டிஸ்க்குகளும் இப்படிச் சாதா டிஸ்க்கை வாங்கி ஓட்டை போட்டவைதாம். தொழிற்சாலையில் துளையோடு திட்டமிட்டது வேறு. அங்கே தொடக்கத்திலேயே அந்த வண்டியின் எடைக்கு டிஸ்க்கைப் பெரிதாகவும் கனமாகவும் வைத்துவிட்டு, பிறகு துளையிடுகிறார்கள். சிவப்புக் காலிப்பரின் செடானில் விரிசல் இல்லாததற்கு அதுவே காரணம். அந்த டிஸ்க்கின் விட்டம் எவ்வளவு என்று அவரே பார்த்துச் சொல்லட்டும்.

நீலகிரி சாரதி (உதகை), செவ்வாய், இரவு 8.10

நான் இந்த மலையில் வாடகை வண்டி ஓட்டுபவன். டிஸ்க்கைப் பற்றிப் பெரியவர் சொல்வதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. மலையிறங்கி, நீங்கள் எந்த கியரில் இறங்கினீர்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், கீழ்நாட்டு வண்டிகள் பாதி மூன்றாவதிலும் நான்காவதிலும் வந்து, வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே போகின்றன. பின்னால் சிவப்பு விளக்கு அணைவதே இல்லை. இன்னும் சிலர் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறார்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் அது வீண் கணக்கு. கியரில் விட்டுக் காலை எடுத்தால் என்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்கு எரியும். என்ஜினையே அணைத்துவிட்டு இறங்குபவர்களையும் பார்த்திருக்கிறேன். மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்கு வரும். அதற்குப்பின் பெடல் இரும்பாகிவிடும்.

ஏறும்போது எந்த கியரோ அதே கியரில் இறங்கு என்பது எங்கள் தாத்தா காலத்து லாரிக்காரர் பேச்சு. இன்றைய வண்டிகளுக்கு இன்னும் ஒரு கியர் குறைத்தாலும் தவறில்லை. கல்லட்டிப் பாதையில் 36 வளைவு, முதல் இரண்டு கியர் தவிர வேறு போடாதே என்று பலகையே வைத்திருக்கிறார்கள். மலை ரயிலைப் பாருங்கள், கல்லாற்றிலிருந்து குன்னூர்வரை பல்சக்கரப் பாதை, 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். இறங்கும்போது பெட்டிக்கு ஒரு பிரேக்காளர் நிற்கிறார்.

பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள். வளைவுக்கு முன் ஒரே அழுத்தாக நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை முழுதாக எடுத்துவிடுங்கள். பெடல்மீது லேசாகக் கால் வைத்தபடியே வருவதுதான் பேட்டைக் கருக்கும். கல்லாற்றுப் பக்கம் புகை வரும் சக்கரத்தில் வாளித் தண்ணீர் ஊற்றுகிறார்களே, அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். பழுத்த இரும்பில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று வார்ப்படக்காரரே சொல்வார்.

வார்ப்படக்காரன் (கோவை), செவ்வாய், இரவு 9.00

வெடிக்கும். உடனே வெடிக்காவிட்டால் கோணும். சாரதி சொல்வது அத்தனையும் சரி.

மலையிறங்கி (குன்னூர்), செவ்வாய், இரவு 9.25

பெரும்பாலும் மூன்றாவது கியர் அண்ணா. இரண்டாவதில் போட்டால் என்ஜின் கத்துகிறது, பின்சீட்டில் இருப்பவர்கள் பயப்படுகிறார்கள்.

நீலகிரி சாரதி (உதகை), செவ்வாய், இரவு 9.40

3,000, 3,500 சுற்றில் கத்தினால் என்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. பயப்படுபவர்களிடம் பிரேக் வாடையைப் பற்றிச் சொல்லுங்கள்.

வளைவு 12 (சென்னை), புதன், காலை 7.30

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் திடலில் அவ்வப்போது வண்டி ஓட்டுபவன் நான். கணக்கில் கொஞ்சம் ஆசை உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

குன்னூர் சுமார் 1,850 மீட்டர், மேட்டுப்பாளையம் 330 மீட்டருக்கு அருகில். இறக்கம் 1,500 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆளும் சாமானுமாக வண்டி 1,300 கிலோ. மேலிருந்து கீழே வரும்போது எங்காவது கழிந்தே ஆக வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 19,000 கிலோ ஜூல். அதே வண்டியை 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை முழுதாக நிறுத்தினால் 500 கிலோ ஜூல்தான். அதாவது, மலை இறங்குவது நூறில் வந்து 38 முறை நிறுத்துவதற்குச் சமம்.

இதை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில், சராசரியாக நூற்றுக்கு ஆறு சரிவு என்று கொண்டு பார்த்தால், நொடிக்கு நொடி 6 கிலோவாட்டுக்குச் சற்று மேல். வீட்டு கெய்சர் மூன்றை இடைவிடாமல் ஓடவிட்டது போன்ற சூடு. டயர் உருளும் தடை அதில் ஒன்றரை கிலோவாட்டை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தில் பெரும்பங்கை இரண்டாவது கியரில் என்ஜினே விழுங்கிவிடும். மூன்றாவதில் என்ஜின் பங்கு கணிசமாகக் குறைந்துவிடும், அந்தக் குறை முழுவதும் முன் டிஸ்க் இரண்டின் தலையில் விழும்.

துளை வைத்தால் காற்று பாய்ந்து ஆறும் என்கிறார்களே, அது எந்த வேகத்தில்? காற்றுவழி டிஸ்க் சுழலும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து விளிம்பு வழியாகத் தள்ளுகிறது. 120 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,100 சுற்று. மலையில் 30 கி.மீ. வேகத்தில் 280 சுற்றுகூட இல்லை. விசிறியே மெதுவாகச் சுற்றும்போது துளைக்கு வரும் காற்று சொற்பம். நெடுஞ்சாலையில் கிடைக்கும் ஆதாயத்தைக் காட்டி மலைக்கு விற்கிறார்கள் என்பது என் எண்ணம்.

காடிக்கு வருகிறேன். திடலில் நான் போடுவது காடி டிஸ்க்தான். காடி பேட்டின் முகத்தைச் சுரண்டிக்கொண்டே இருக்கும், கண்ணாடியாக விடாது, தூளை வெளியே தள்ளும். இரும்பு டிஸ்க் ஓடும் பந்தயங்களில் இப்போது பெரும்பாலும் காடிதான், முகத்தில் துளை அரிது. ஃபார்முலா 1 டிஸ்க்கில் ஆயிரத்துக்கு மேல் துளை இருக்கிறதே என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், அது கார்பன் டிஸ்க், துளைகளும் விளிம்பில் இருக்கின்றன, பேட் உரசும் முகத்தில் இல்லை.

விலை என்ன என்றால், பேட் சீக்கிரம் தேயும், வேகத்திலிருந்து பிடிக்கும்போது 'உர்' என்று ஓர் ஒலி வரும். தினசரி வண்டியில் அது சிலருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

சிவப்புக் காலிப்பர் (சென்னை), புதன், காலை 10.10

கணக்கெல்லாம் சரி நண்பரே, ஆனால் என் வண்டி குறைந்த தூரத்தில் நிற்கிறதே! சாதா டிஸ்க் போட்ட என் பழைய வண்டி இப்படி நின்றதில்லை. விட்டம் கேட்டீர்கள், 340 மி.மீ.

வளைவு 12 (சென்னை), புதன், காலை 10.45

340 மி.மீ.! ஹேட்ச்பேக்கில் 250 சுற்று வட்டாரத்தில் இருக்கும். கேள்விக்குப் பதில் அதிலேயே வந்துவிட்டது.

நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது கடைசியில் டயர்தான். உலர்ந்த தாரில் உராய்வு 0.8 என்றால், நூறிலிருந்து நிற்க 49 மீட்டர் வேண்டும். எந்த டிஸ்க்கும் அதைக் குறைக்காது. அவசரமாக மிதித்தால் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் உங்கள் ஏபிஎஸ் துடிக்கிறதா? துடித்தால், சக்கரத்தைப் பூட்டும் அளவுக்குப் பிரேக் ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். அதற்குமேல் டயருக்குச் செலவு செய்யுங்கள். டிஸ்க், பேட், ஆயில் மூன்றும் தீர்மானிப்பது வேறு ஒன்றை: முதல்முறை நின்றதுபோல் முப்பதாவது முறையும் நிற்குமா என்பதை.

சிவப்புக் காலிப்பர் (சென்னை), புதன், காலை 11.00

இருந்தாலும் துளைதான் அழகு.

பல்சர் மாமா (திண்டுக்கல்), புதன், மாலை 4.20

எனக்கு ஒரு சந்தேகம். துளை அவ்வளவு கெட்டது என்றால் பைக் டிஸ்க் எல்லாவற்றிலும் ஏன் துளை? என் பல்சரில் சல்லடை மாதிரி இருக்கிறது. சிறுமலைக்கு ஏறி இறங்குகிறேன், ஒன்றும் ஆகவில்லையே.

வார்ப்படக்காரன் (கோவை), புதன், இரவு 8.35

நல்ல கேள்வி மாமா. பைக் டிஸ்க் வார்ப்பிரும்பு இல்லை, துருவேறா எஃகுத் தகடு. நாலு அல்லது ஐந்து மி.மீ. கனம், நடுவே காற்றுவழி கிடையாது. எஃகு இழுவிசையைத் தாங்கும், துளை விளிம்பில் எளிதில் விரிசல் விடாது. ஆனால் சூட்டைக் கடத்துவதில் வார்ப்பிரும்புக்குப் பாதிதான் வரும். பைக்கின் எடை குறைவு, டிஸ்க் திறந்த காற்றில் நிற்கிறது, அதனால் சமாளிக்கிறது. மழைநீர் நேரே டிஸ்க்கில் அடிப்பதால் அங்கே துளைக்கு உண்மையான வேலை இருக்கிறது. சக்கரத்தோடு சுற்றும் எடை குறைவதும் பைக்கைத் திருப்பும்போது தெரியும். காருக்கு இதில் எதுவும் அப்படியே பொருந்தாது.

மலையிறங்கிக்கு இப்போது என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பெடல் கெட்டியாக நின்றது, பேட் கண்ணாடியாகியிருக்கிறது, மூன்றாவது கியர். உங்கள் குறை பேட்டில் இருக்கிறது. நல்ல தயாரிப்பாளரின் சாதா காற்றுவழி டிஸ்க் ஒரு ஜோடி, அதிக கார்பன் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. மிச்சப் பணத்தைப் பேட்டில் போடுங்கள். பல பேட்களின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்து அச்சிட்டிருப்பார்கள். முதலாவது சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது கடுஞ்சூட்டில். இ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.55 வரை. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் கீழே இறங்கியிருந்தால் மலைக்கு வாங்காதீர்கள். எஃப் எஃப் போதும். திடலுக்கான பந்தயப் பேட் வேண்டாம், அது சூடேறினால்தான் பிடிக்கும். குன்னூர்க் காலைப் பனியில் முதல் மிதிக்கு நிற்காது.

ஆயிலை முழுதாக வடித்து டாட் 4 ஊற்றுங்கள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. சிலிக்கான் வகையான டாட் 5-ஐ மட்டும் இதில் கலக்கவே கூடாது.

துளையா காடியா என்றே கேட்டால், மலைக்குக் காடி. அதுவும் கட்டாயமில்லை.

கிள்ளான் வாசி (மலேசியா), வியாழன், காலை 8.00

வணக்கம். இங்கே கெந்திங் மலைக்கு அடிக்கடி போய்வருகிறேன், அங்கும் இதே கூத்துதான். மலையடிவாரம் வந்ததும் பிரேக் வாடை. நானும் காடி டிஸ்க்தான் போட்டிருக்கிறேன், செப்பாங் திடலுக்காக. 5.5 கி.மீ. சுற்று, இரண்டு நீண்ட நேர்பாதை, ஒவ்வொன்றின் முடிவிலும் முழு வேகத்திலிருந்து பிடிக்க வேண்டும். அங்கே அதன் பயன் தெரிகிறது. கெந்திங் இறக்கத்தில் சாதா டிஸ்க்குக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை.

ஒன்றை இங்கே யாரும் சொல்லவில்லை. காடி டிஸ்க்குக்கு இடம் வலம் உண்டு. உள்ளிருக்கும் விலாக்கள் வளைந்தவையாக இருந்தால் அதற்கும் உண்டு. எனக்குப் போட்ட கடையில் முதலில் இடத்தை வலத்தில் மாட்டிவிட்டார்கள், விசிறி காற்றைத் தள்ளும் திசைக்கு எதிராகச் சுற்றியது. டிஸ்க்கின் மேல் அம்புக்குறி இருக்கும், அல்லது பெட்டியில் இடம் வலம் என்று அச்சிட்டிருக்கும். காடி எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதில் தயாரிப்பாளர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. அதனால் பக்கத்து வண்டியைப் பார்த்து மாட்டாமல் அந்தப் பெட்டி சொல்வதைக் கேளுங்கள்.

தேயிலைத் தோட்டம் (வால்பாறை), வியாழன், காலை 11.30

நாற்பது கொண்டை ஊசி வளைவுள்ள பாதையில் இருந்து எழுதுகிறேன். நான் மின்சாரக் கார் வாங்கப் போகிறேன். அதற்கு இந்தக் கவலை இல்லைதானே? மோட்டாரே பிரேக்காக வேலை செய்யும் என்கிறார்களே.

வளைவு 12 (சென்னை), வியாழன், மதியம் 12.15

பெரும்பாலும் இல்லை, ஒரு விதிவிலக்கு தவிர. மோட்டார் பிடிக்கும் ஆற்றல் பேட்டரிக்குள் போக இடம் வேண்டும். வால்பாறையில் இரவெல்லாம் போட்டு நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்கினால், பல வண்டிகளில் முதல் சில கிலோமீட்டருக்கு அந்தப் பிடி மிகவும் குறைந்திருக்கும். எண்பது சதவீதத்தில் புறப்படுங்கள், ஆழியாற்றுக்கு வரும்போது ஏறியிருக்கும். மற்றபடி, மின்சாரக் காரில் டிஸ்க் வேலையின்றித் துருப்பிடிப்பதுதான் புதுத் தொல்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது நன்றாக அழுத்தி மிதியுங்கள்.

மலையிறங்கி (குன்னூர்), வெள்ளி, இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. சாதா காற்றுவழி டிஸ்க், எஃப் எஃப் பேட், டாட் 4 என்று முடிவு செய்து இன்று காலை மாட்டியாயிற்று. பழைய டிஸ்க்கை அளக்கச் சொன்னேன். புதிதில் 22 மி.மீ., குறைந்தபட்சம் 20 என்று அதன்மேலேயே பொறித்திருக்கிறது. அளவு 20.1 வந்தது. வடித்த ஆயில் காப்பி நிறத்தில் இருந்தது. துளை டிஸ்க் வேண்டாம் என்றதில் மேஸ்திரிக்கு லேசான வருத்தம்.

மாலையில் இரண்டாவது கியரில் இறங்கினேன், கூட்டமில்லை. என்ஜின் சத்தம் இருந்தது, வாடை இல்லை. புது பேட்டை முதலில் பழக்க வேண்டும் என்று மேஸ்திரி ஏதோ சொன்னார், அது எப்படி?

வார்ப்படக்காரன் (கோவை), வெள்ளி, இரவு 10.00

மாட்டிய கையோடு மலையில் இறக்கிவிட்டீர்கள்! பரவாயில்லை, இரண்டாவது கியர் காப்பாற்றியிருக்கும். ஞாயிறு விடியலில் வண்டி நடமாட்டம் இல்லாத நேரான சாலைக்குப் போங்கள். 60 கி.மீ. வேகத்துக்கு வந்து, ஓரளவு அழுத்தமாக மிதித்து 15-க்குக் குறையுங்கள், முழுதாக நிறுத்த வேண்டாம். மீண்டும் 60. இப்படிப் பத்து முறை போல. கொஞ்சம் வாடை வரும், பயப்பட வேண்டாம். முடித்ததும் பிரேக் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். பேட்டிலிருந்து ஒரு மெல்லிய பூச்சு டிஸ்க் முழுவதும் ஒரே சீராகப் படிய வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும்.

சூடான நிலையில் பெடலை அழுத்தியபடி ஒரே இடத்தில் நிற்காதீர்கள். பேட்டின் அச்சு டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்கும். டிஸ்க் கோணிவிட்டது என்று லேத்துக்குக் கொண்டுபோவார்கள், பல சமயம் அது கோணலாகவே இருக்காது, ஒட்டிய அச்சுதான். உங்களுக்குப் பின்சக்கரம் டிரம், ஆகவே மலையடியில் நிற்க நேர்ந்தால் கைப்பிரேக்கைப் போட்டுவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். சக்கரத்து நட்டுகளை ஏர் கன் வைத்து இறுக்கிவிட்டு அப்படியே அனுப்பியிருந்தால், டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கணபதி லேத் (கோவை), வெள்ளி, இரவு 10.30

ஐயா, லேத்துக்கு வரும் டிஸ்க்கை நாங்கள் என்ன செய்ய? கடைந்து கொடு என்றுதானே கேட்கிறார்கள்.

வார்ப்படக்காரன் (கோவை), வெள்ளி, இரவு 10.50

முதலில் அளவெடுங்கள். கடைந்தபின் குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போகும் என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தால் அங்கே இரும்பு கடினமாகியிருக்கும், உங்கள் டூலே சொல்லிவிடும், அதைக் கடைந்தும் பயனில்லை.

தேயிலைத் தோட்டம் (வால்பாறை), சனி, காலை 7.10

இன்னொரு கேள்வி, இது என் மைத்துனருக்காக. அவருடையது கிளட்ச் பெடல் இல்லாத ஏஎம்டி வண்டி. டி-யில் வைத்தால் இறக்கத்தில் தானாகவே மேல் கியருக்குத் தாவிவிடுகிறது.

நீலகிரி சாரதி (உதகை), சனி, காலை 7.45

லீவரை 'எம்' (மேனுவல்) என்ற எழுத்தின் பக்கம் தள்ளி, கழித்தல் குறியைத் தட்டி இரண்டாவதுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அங்கேயே நிற்கும். முதல் வளைவுக்கு முன்னாலேயே செய்ய வேண்டும், வேகம் ஏறியபின் தட்டினால் பல வண்டிகள் ஏற்காது. சிவிடி (கியர் படிகள் இல்லாத தானியங்கி) என்றால் எல் அல்லது எஸ் இருக்கும், அதைப் போடச் சொல்லுங்கள். சீசன் நேரத்தில் ஊட்டிக்கு வருகிறார் என்றால், ஏற்றம் குன்னூர் வழி, இறக்கம் கோத்தகிரி வழி என்று மாற்றிவிடுவார்கள், புறப்படும் முன் கேட்டுக்கொள்ளட்டும்.

சிவப்புக் காலிப்பர் (சென்னை), சனி, காலை 9.30

மைத்துனரின் வண்டிக்கு எத்தனை அங்குலச் சக்கரம்?

தேயிலைத் தோட்டம் (வால்பாறை), சனி, காலை 9.50

14. ஹப்கேப் போட்டிருக்கிறார், டிஸ்க் வெளியே தெரியாது.